ஃபோ காலையில், புன் சா மதியத்தில்: வியட்நாமுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு

வியட்நாம் போய்வந்த நம்மவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் வரும். சிலர் ஒவ்வொரு கிண்ணத்தையும் விவரித்து நம் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள், "ஒன்றுமே வாய்க்கு விளங்கவில்லை, தங்கிய நாள் முழுக்க இந்திய உணவகம்தான்" என்பார்கள். இரண்டாவது கூட்டத்தின் நாக்கில் குறை ஒன்றும் இல்லை. அந்த நாட்டில் ஒவ்வொரு பாரம்பரிய உணவுக்கும் ஒரு சொந்த ஊரும் ஒரு வேளையும் உண்டு. அது தெரியாமல் ராத்திரி எட்டு மணிக்குத் தெற்கே உள்ள சைகோனில், வடக்கே ஹனோயின் மதிய உணவான புன் சாவைத் தேடினால், பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கென்று செய்த நகல்தான் தட்டில் வரும்.

நானும் மனைவியும் சேர்ந்து போனோம். நான் மாட்டிறைச்சி உட்பட எல்லாம் சாப்பிடுவேன். அவர் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டார். கிளம்பும் முன் படித்த குறிப்புகள் எல்லாம் உணவின் படத்தோடு நின்றுவிட்டன. விசா, மாதம், சில்லறை, சைவம் என்று கேள்வி வந்த இடத்தில் பதில் இல்லை. முட்டி மோதித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் மாதம், அப்புறம் டிக்கெட்

வடக்குத் தெற்காக 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நாடு அது. ஒரே வாரத்தில் ஹனோயில் ஸ்வெட்டரும் சைகோனில் வியர்வையுமாக இருக்கும். ஹனோய்க்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் புழுக்கத்தில் சூடான சூப்பைப் பார்க்கவே பிடிக்காது. நடுவில் உள்ள ஹுவே, ஹோய் ஆன் இரண்டுக்கும் அக்டோபர், நவம்பர் வெள்ளக் காலம். ஹோய் ஆனின் பழைய தெருக்களில் படகு விடும் நிலைகூட வரும். தெற்கே மே முதல் அக்டோபர் வரை மழை. அது பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும், அதனால் சமாளிக்கலாம். மூன்று பகுதிக்கும் சேர்த்து ஒத்துவருவது பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை.

ஒரு பெரிய பொறி: டெட் என்ற சந்திரப் புத்தாண்டு. 2026-இல் பிப்ரவரி 17, 2027-இல் பிப்ரவரி 6. அந்த நாளை ஒட்டி ஒரு வாரத்துக்கு ஊரே சொந்த கிராமத்துக்குப் போய்விடும். நீங்கள் தேடிப் போகிற பாட்டி கடை கட்டாயம் மூடியிருக்கும். ரயில், விமான இருக்கைகள் எல்லாம் முன்பே தீர்ந்துவிடும். விசா அலுவலகமும் விடுமுறை. பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து, ஒட்டரிசியை இலையில் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைக்கும் பான் சுங் அந்தப் பண்டிகையின் பலகாரம்தான். ஆனால் அதற்காக டெட் சமயத்தில் போக வேண்டியதில்லை, ஹனோயில் மற்ற நாளிலும் விற்பார்கள்.

2. இ-விசா: இங்கேதான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம்; அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இ-விசா வேண்டும். 2023 ஆகஸ்ட் 15 முதல் அது 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைய 50 டாலர். நடுவில் கம்போடியாவுக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால் மட்டும் 50 டாலரைக் கட்டுங்கள்.

தேடுபொறியில் "வியட்நாம் விசா" என்று அடித்தால் மேலே வருகிற பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை. கொடிச் சின்னம், அரசு முத்திரை மாதிரி ஒரு படம் எல்லாம் வைத்து, 25 டாலர் வேலைக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு தளம் "அவசரக் கட்டணம்" என்று ஒரு தொகையைக் காட்டியது. அரசுத் தளத்தின் முகவரி ஜி-ஓ-வி புள்ளி வி-என் என்று முடியும். அப்படி முடியாவிட்டால் கார்டு எண்ணை அடிக்காதீர்கள்.

கையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அதன் படப் பக்கத்தின் தெளிவான படம், கண்ணாடி போடாமல் வெள்ளைப் பின்னணியில் எடுத்த முகப்படம், முதல் ஹோட்டலின் முகவரி, நுழையும் தேதி, வெளியேறும் தேதி, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிடப்பட்ட கார்டு. கடைசியில் சொன்னதை முந்தைய நாளே வங்கிச் செயலியில் சரிபாருங்கள். கட்டணம் கட்டும் பக்கம் நடுவில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

விண்ணப்பம் திருத்தக் கோரித் திரும்பி வரும் இடங்கள் இவை:

பெயர். நம்மவர்கள் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். நாம் வழக்கமாக எழுதும் முதலெழுத்து வடிவம் எதற்கும் உதவாது. கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் அளவுகோல். விசா, விமான டிக்கெட் இரண்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

படம். பளபளப்புப் பக்கத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு ஓர் எழுத்து மறைந்தாலும் திருப்பிவிடுவார்கள். ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

முகவரி. 2025 ஜூலை 1 முதல் அங்கே பல மாகாணங்களை இணைத்துவிட்டார்கள். உதாரணமாக ஹோய் ஆன் இப்போது டா நாங் நகரத்துக்குள் வருகிறது. ஹோட்டல் தளம் இன்னும் குவாங் நாம் மாகாணம் என்று காட்டினால் குழம்ப வேண்டாம், புதிய பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

அதிகாரபூர்வமாக மூன்று வேலை நாள். சனி, ஞாயிறு, அவர்களுடைய விடுமுறை எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டால் நிம்மதி. அதற்கும் வெகு முன்னால் போட்டு, பிறகு தேதி மாற்றினால் சிக்கல். விசாவில் அச்சாகும் தொடக்க நாளுக்கு ஒரு நாள் முன்னால் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. விசா வந்ததும் பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். இரண்டு நகல் அச்செடுத்து இரண்டு பைகளில் வையுங்கள். விமான நிறுவனக் கவுண்டரில் கேட்கும்போது கைப்பேசியில் காட்டி மன்றாட வேண்டியிருக்காது.

3. டிக்கெட்டும் பணமும்

திருச்சியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது சைகோனுக்கு, 2023-இல் வியட்ஜெட் நேரடி விமானம் தொடங்கியது. எந்தக் கிழமைகளில் பறக்கிறது என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், அதைப் பார்த்துவிட்டு விடுப்பு எழுதுங்கள். இல்லாவிட்டால் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழி. ஒரு ஊரில் இறங்கி மறு ஊரிலிருந்து திரும்பும்படி எடுத்தால் வந்த வழியே ஓடிவரும் செலவும் நேரமும் மிச்சம்.

பணம் டாங். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 26,000 டாங். ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். விலையில் கடைசி மூன்று சுழியத்தை வாயில் சொல்ல மாட்டார்கள். "ஐம்பது" என்றால் 50,000 டாங், நம் கணக்கில் நூற்று எழுபது ரூபாய்க்குள். 50,000-ஐ 300-ஆல் வகுத்துக்கொண்டே இருந்தால் சாப்பாடு ஆறிவிடும். கடைசி மூன்று சுழியத்தை வெட்டி, மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், போதும்.

இந்திய ரூபாயை அங்கே மாற்றுவது கடினம், மாற்றினாலும் நஷ்டம். இங்கேயே அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றகத்தில் டாலர் வாங்குங்கள். கடவுச்சீட்டு, பான் அட்டை, டிக்கெட், விசா நகல் கேட்பார்கள். கிழிசலோ பேனாக் கீறலோ இல்லாத நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கறை பட்ட நோட்டை வியட்நாம் வங்கிகள் ஒதுக்கிவிடும், அல்லது குறைத்துக் கொடுக்கும். 5,000 டாலருக்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் அங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். சாப்பிடப் போகிறவருக்கு அந்தக் கவலை வராது.

நோட்டில் ஒரு பொறி இருக்கிறது. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். மங்கலான தெருவிளக்கில், கையில் சூடான கிண்ணத்தோடு, ஒன்றுக்குப் பதில் மற்றதை நீட்டிவிட முடியும். 500,000 நோட்டுகளைத் தனி உறையில் வையுங்கள். தெருக்கடையில் அதைக் கொடுத்தாலும் சில்லறை இராது. காலையில் ஹோட்டலிலோ பெரிய கடையிலோ மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

4. பாதை: எந்த ஊரில் எதைச் சாப்பிடுவது

வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள் என்பது என் கருத்து. வடக்கின் சுவை அடக்கமானது. தெற்கில் இனிப்பு, கீரை, சாஸ் எல்லாம் கூடும். தெற்கைச் சாப்பிட்டுவிட்டு ஹனோய் போனால் சூப்பில் உப்பு குறைவோ என்று தோன்றும்.

ஹனோய்க்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். ஃபோவுக்கு ஒரு காலை போதாது. மாட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய் போட்டு இறக்கிய சாறு அது. மசாலா வாசனை நமக்குப் பரிச்சயம், ஆனால் காரம் இல்லை. ஹனோயில் மேலே வெங்காயத்தாளோடு நிறுத்திவிடுவார்கள். மேசையில் பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் இருக்கும். கறி பச்சையாகக் கிண்ணத்தில் போட்டு மேலே கொதிக்கும் சாறு ஊற்றுவது தாய், முழுக்க வெந்தது சின். பச்சைக் கறி பிடிக்காதவர்கள் சின் கேளுங்கள். மாட்டிறைச்சி வேண்டாதவர்களுக்குக் கோழியில் செய்த ஃபோ கா உண்டு, அது தனிக் கடை; மாட்டுக் கடையில் போய்க் கோழி கேட்காதீர்கள். பாட் டான் தெருவிலுள்ள பெயர்பெற்ற கடையில் வரிசையில் நின்று, முதலில் பணம் கட்டி, கிண்ணத்தை நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும். யாராவது வந்து கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இருக்கலாம்.

மதியத்துக்குப் புன் சா. கரியில் சுட்ட பன்றி இறைச்சி, வெதுவெதுப்பான மீன் சாஸ் நீரில் பச்சைப் பப்பாளித் துண்டுகளோடு மிதக்கும். அரிசி நூடுல்ஸும் கீரைக் குவியலும் தனித்தனியாக வரும். நூடுல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தக் கிண்ணத்தில் முக்கிச் சாப்பிட வேண்டும். 2016-இல் பராக் ஒபாமாவும் உணவு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆண்டனி போர்டெய்னும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டது இதைத்தான். லே வான் ஹுவ் தெருவிலுள்ள அந்தக் கடை இப்போதும் கூட்டம். அதே அளவு நல்ல புன் சா பல சந்துகளில் கிடைக்கும், புகை வரும் பக்கம் நடந்தால் போதும். மஞ்சளும் சதகுப்பைக் கீரையும் சேர்த்து மேசையிலேயே வதக்கும் சா கா என்ற மீனும் ஹனோயினுடையது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் மீன் பிரியர்கள் விடக்கூடாது.

ஹனோயிலிருந்து ஹுவேக்கு இரவு ரயில், பதின்மூன்று பதினான்கு மணி நேரம். கீழ்ப் படுக்கை முதலில் தீரும். ஹுவேயில் புன் போ ஹுவே. எலுமிச்சைப்புல் மணமும் இறால் விழுதும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்து, காரத்துக்கு ஏங்கிய நாக்கு முதல்முறை நிமிர்ந்து உட்காரும். சீவிய வாழைப்பூவைப் பச்சையாக மேலே போட்டுக்கொள்வார்கள். கிண்ணத்தில் கரும்பழுப்புக் கட்டி கிடந்தால் அது உறைந்த பன்றி ரத்தம். வேண்டாம் என்றால் முன்பே சொல்லுங்கள்.

ஹுவே – டா நாங் ரயில் ஏறத்தாழ மூன்று மணி நேரம், ஹாய் வான் கணவாய் ஓரமாகக் கடலைப் பார்த்தபடி போகும். டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டரில் ஹோய் ஆன். அங்கே காவ் லாவ்: தடித்த, மெல்ல வேண்டிய நூடுல்ஸ், கொஞ்சமே கொஞ்சம் குழம்பு, பன்றித் துண்டு, மேலே மொறுமொறுப்பு. அந்தப் பகுதியின் மீ குவாங் மஞ்சள் நூடுல்ஸ், வேர்க்கடலை, நொறுக்கிப் போட எள் தூவிய அரிசி அப்பளம். எனக்கு இரண்டில் மீ குவாங்தான்.

டா நாங்கிலிருந்து சைகோனுக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். ரயில் பதினாறு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் நான்கு வேளை சாப்பிடலாம். சைகோனில் கோம் தாம்: நொய் அரிசிச் சோறு, சுட்ட பன்றி விலா, பொரித்த முட்டை, ஊறுகாய்க் காய். பான் செயோ அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் கலந்து ஊற்றும் மொறுமொறு தோசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே இறாலும் பன்றியும் முளைப்பயறும். ஆனால் பிய்த்து இலையில் சுருட்டிச் சாஸில் முக்கிச் சாப்பிட வேண்டும், வெறுமனே தின்றால் எண்ணெய்தான் தெரியும். கா ரி கா என்ற கோழிக் கறியைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளி, தேங்காய்ப்பால் போட்டது, ரொட்டியோடு வரும். நல்லாத்தான் இருக்கும், நம் குழம்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பான் மீ என்ற ரொட்டி சாண்ட்விச் எல்லா ஊரிலும் உண்டு. அவசர வேளைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

5. கடிகாரம்

ஃபோ, புன் போ ஹுவே, அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் சுருட்டும் பான் குவோன், ஒட்டரிசிச் சோய்: காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. நல்ல கடைகளில் பானை காலியானால் ஷட்டர் இறங்கும். பத்து மணிக்கு ஹோட்டலின் இலவசச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் போனால் கழுவி வைத்த பெஞ்சுகளைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் சிற்றுண்டி இல்லாத அறையாக எடுங்கள், அதில் மிச்சமாவது பணம் மட்டுமல்ல.

புன் சா பதினொன்று முதல் இரண்டு வரை. இரண்டு முதல் நான்கு வரை காபி நேரம். இரவுச் சாப்பாடு ஆறரைக்கே தொடங்கிவிடும். பான் செயோ, கடல் உணவு, சுட்ட வகைகள் மாலைக்கு உரியவை. கோம் தாம் ஆதியில் காலை உணவு, இப்போது நள்ளிரவிலும் கிடைக்கிறது.

6. சைவமா? சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்

சாய் என்றால் அங்கே சைவம், பௌத்த மரபில் வந்தது. பலகையில் கோம் சாய் என்று இருந்தால் அது முழுச் சைவச் சோற்றுக் கடை. இறைச்சி, மீன் மட்டுமல்ல, பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். தட்டில் மீன் துண்டு, கோழிக் கால் மாதிரி ஏதாவது கிடந்தால் பதற வேண்டாம், சோயாவும் கோதுமையும்தான். என் மனைவிக்கு அதைப் பார்த்துச் சமாதானமாக இரண்டு வேளை பிடித்தது.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடும் நாள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வரும், நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் சாதாரணக் கடைகளும் சாய் பலகை வைக்கும். சைவர்கள் ஹுவேயில் அப்படி ஒரு நாள் இருக்கும்படி பயணத்தை அமைத்தால் யோகம்தான். கோயில்கள் நிறைந்த ஊர், சைவச் சமையலுக்கும் பேர் போனது.

ஆபத்து சாதாரணக் கடைகளில்தான். "காய்கறி ஃபோ இருக்கிறதா" என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். மேலே டோஃபுவும் காளானும் இருக்கும், அடியில் அதே எலும்புச் சாறு. அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதற்குத்தான் பதில். கீரை வதக்கலில் நுவோக் மாம் என்ற மீன் சாஸ் இருக்கும். ஹனோயில் காலையில் விற்கும் மஞ்சள் ஒட்டரிசிச் சோற்றின் மேல் ஊற்றும் பளபளப்பு விலங்குக் கொழுப்பாக இருக்கலாம். சின்னக் கிண்ணத்தில் ஆவியில் வேகவைக்கும் அரிசி மாவுப் பலகாரமான பான் பெயோவின் மேல் தூவிய சிவப்புத் தூள் இறால். முட்டை காபியில் பெயரிலேயே முட்டை இருக்கிறது, சரி.

ஆகவே ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் வியட்நாமிய மொழியில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "நான் சாய் உண்பவர். இறைச்சி, மீன், இறால், முட்டை வேண்டாம். மீன் சாஸ், எலும்புச் சாறு, விலங்குக் கொழுப்பு வேண்டாம். சோயா சாஸ் பரவாயில்லை." சீட்டைப் படம் எடுத்துப் பூட்டுத் திரையில் வையுங்கள். வாயால் சொல்ல முயல வேண்டாம். ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறும் மொழி அது. அசைவர்களும் தங்களுக்கு வேண்டாததற்கு ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். பன்றிக்குத் தெற்கில் ஒரு சொல், வடக்கில் ஒரு சொல், வேர்க்கடலைக்கும் அப்படியே. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இரண்டு சொல்லையும் எழுதி வாங்குங்கள், இதில் அலட்சியம் கூடாது.

ஹலால் வேண்டுவோர் சைகோனில் டோங் டு தெருப் பள்ளிவாசலைத் தேடிப் போங்கள். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது, அக்கம்பக்கத்தில் ஹலால் உணவகங்கள் உண்டு.

7. முக்காலியில் உட்கார்ந்த பிறகு

ஒரே உணவு விற்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மொழியில் படத்தோடு அட்டை நீட்டும் கடையில் எல்லாம் சுமாராகத்தான் இருக்கும். பலகையில் விலை இல்லையா? உட்காரும் முன் விரலால் ஒன்று காட்டி, எவ்வளவு என்று கைப்பேசிக் கணிப்பானில் அடிக்கச் சொல்லுங்கள். இது அங்கே தப்பாக எடுத்துக்கொள்ளப்படாது.

மேசையில் இருப்பதெல்லாம் இலவசம் இல்லை. கீரை, எலுமிச்சை, மிளகாய், சாஸ் இலவசம். பிளாஸ்டிக் உறையில் வரும் ஈரத் துணிக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் டாங். ஃபோவோடு தோய்க்க வைக்கும் பொரித்த மாவுக் குச்சிகளுக்குத் தனிக் காசு. சின்னத் தொகைதான், தெரியாமல் சண்டை போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃபோ வந்ததும் முதலில் சாற்றை மட்டும் ஒரு கரண்டி குடியுங்கள். அப்புறம் எலுமிச்சை, அப்புறம் மிளகாய். தெற்கில் கறுப்பு இனிப்புச் சாஸ் பாட்டில் இருக்கும்; அதைச் சின்னத் தட்டில் ஊற்றிக் கறியைத் தோய்த்துக்கொள்வது நல்லது, கிண்ணத்தில் ஊற்றினால் சாற்றின் சுவை போயிற்று. தெற்கில் வரும் கீரைக் குவியலை முழுக்கக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போடுங்கள்.

வயிறு? நடுவில் ஓட்டை உள்ள உருளைப் பனிக்கட்டி ஆலையில் செய்தது, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். பச்சைக் கீரையை முதல் நாள் குறைத்துக்கொண்டு பிறகு கூட்டுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

8. சாப்பாட்டுச் செலவு

சாதாரணக் கடைகளில் ஏறத்தாழ இப்படி: ஃபோ, புன் சா, புன் போ ஹுவே, கோம் தாம் 40,000 முதல் 70,000 டாங். பான் மீ 20,000 முதல் 40,000. சைவச் சோற்றுத் தட்டு 25,000 முதல் 50,000. கெட்டிப்பால் ஊற்றிய ஐஸ் காபி 15,000 முதல் 35,000. ஒரு ஆள் மூன்று வேளையும் இரண்டு காபியும் தாராளமாகச் சாப்பிட ஒரு நாளைக்கு 300,000 டாங், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய் வைத்தால் மிஞ்சும். அதே உணவு குளிர்சாதன உணவகத்தில் இரண்டு மடங்கு. சுவை இரண்டு மடங்கு இல்லை.

9. சமையல் வகுப்பு வேண்டுமா?

ஒன்று போதும், அதுவும் ஹோய் ஆனில். காலையில் சந்தைக்குக் கூட்டிப் போய்க் கீரைகளை முகர்ந்து பார்க்கவைத்து, அரிசித் தாள் ஊற்றக் கற்றுத்தந்து, நான்கைந்து உணவு செய்து சாப்பிடவைப்பார்கள். அரை நாள், பெரும்பாலும் 25 முதல் 40 டாலர். சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதுங்கள்; காலையில் போய்ச் சொன்னால் எல்லோரும் இறால் சுருட்டும்போது உங்கள் கையில் கேரட் மட்டும் இருக்கும். சந்தையை முதலில் பார்த்துவிட்டால் மற்ற ஊர்களில் எந்தக் கீரை எதற்கு என்று தானே பிடிபடும், அதனால் பயணத்தின் தொடக்கத்தில் ஹோய் ஆன் வந்தால் நல்லதுதான். பாதை அதற்கு இடம் தராவிட்டால் விடுங்கள்.

10. திரும்பும்போது பெட்டியில்

அரிசித் தாள், காபித்தூள், சொட்டுச் சொட்டாய் இறங்கும் தகரக் காபி வடிகட்டி, கறுப்பு ஏலக்காய்: தாராளமாக. மாட்டு வற்றல், பாத்தே என்ற இறைச்சி விழுது டப்பா எதையும் இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். மீன் சாஸ் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது; பெட்டியில் போடவும் பல விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை, உடைந்தால் விமானமே நாறும் என்று. வாங்கும் முன் உங்கள் டிக்கெட்டின் பெட்டி விதியைப் படியுங்கள். மலிவு டிக்கெட்டில் பெட்டி எடைக்குத் தனிக் கட்டணம். விமான நிலையத்தில் கட்டினால் இணையத்தில் கட்டுவதைவிடக் கூடுதல் ஆகும். இதையும் முந்தைய நாள் இரவே முடித்துவிடுங்கள்.

மிச்சமான டாங்கை அங்கேயே விமான நிலையத்தில் டாலராக்கிவிடுங்கள். பெரிய நோட்டுகளை மட்டும் வாங்குவார்கள். சில்லறை நோட்டுகளுக்குப் பாதுகாப்புச் சோதனை தாண்டி ஒரு கடைசிக் காபி கிடைக்கும், விலை ஊருக்குள் இருப்பதைவிட மூன்று மடங்கு.